சின்னவள் சொன்ன யெஸ் சார்

மருத்துவமனையில் பெரியவளை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டருக்கும் சிஸ்டர், வாட்ச்மேனுக்கும் சிஸ்டர். "ஊருக்கெல்லாம் சிஸ்டர், எனக்கு மட்டும்தான் அக்கா" என்று சின்னவள் கேலி செய்வாள். சின்னவளுக்கு அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, பெரியவள்தான் தங்கையை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்தாள். தானோ இங்கிலீஷில் இருந்த நர்சிங் பாடத்தை அர்த்தம் புரியாமல் உருப்போட்டுத் தேறியவள். அதனாலோ என்னவோ, சின்னவள் போனில் யாருடனாவது இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்று கேட்பாள். "எப்படிடி உனக்குத் தண்ணி பட்ட பாடா வருது?" என்பாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், "இவ ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லியே தன் காலத்தைத் தள்ளிவிட்டவள் அவள்.

அந்த மழைக்காலத்தில் வார்டில் நர்ஸுகள் பற்றாக்குறை. கீழே எடுபிடி ஆட்களும் இல்லை. மேலேயிருந்து ரத்தம் கேட்டு போன் வந்தபோது சின்னவளே பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். வார்டின் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் கையில்தான் பையைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரியவளோ வார்டின் கடைசிக் கட்டிலில், மூச்சு நின்றுபோன ஒரு கிழவரின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் வியர்வை. சின்னவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு, புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் பெண்ணின் கையில் பையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். புதுப்பெண் பையை மாற்றி மாட்டிவிட்டாள். கடைசிக் கட்டில் கிழவர் பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு பேரில் லாரி ஓட்டும் ஒருவர், நாற்பது வயதுகூட இருக்காது, இறந்துபோனார். அவர் மனைவி டீ வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றாள்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தமிழே வாயில் நுழையாத மனிதர். முந்தின நாள் பெரியவள் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள், "உன்னைக் கேட்டா பார்த்ததைச் சொல்லு. வேற எதுவும் யோசிக்காதே."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் கொடுத்திருக்கக் கூடாது, அக்கா."

"அதை எதுக்கு நீயா போய்ச் சொல்றே? கேட்டா பார்த்துக்கலாம்."

நிர்வாகியின் அறையில் விசாரணை நடந்தது. ஏசி ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். நடுவில் நீதிபதி, பக்கத்தில் நிர்வாகி, ஓரத்தில் சுருக்கெழுத்து எழுதும் அம்மாள். சுவரோரமாகப் பெரியவளும் தொழிற்சங்கச் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று நிர்வாகி கேட்டார். வேண்டாம், இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறேன் என்றாள் சின்னவள். சுவரோரத்தில் அக்காவின் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி தெரிந்தது.

பை சரியாகத்தான் வந்ததா, சீட்டு சரியாகத்தான் ஒட்டியிருந்ததா என்று கேட்டார் நீதிபதி. இரண்டுக்கும் யெஸ் சார். அடுத்து, அக்கா அப்போது எங்கே இருந்தாள் என்று அவள் சொல்லத் தொடங்கும்போது அவர் கை காட்டி நிறுத்தினார். விளக்கம் பிறகு, முதலில் இதற்குப் பதில் சொல் என்றார்.

"டூ யூ இன்கல்பேட் த வார்ட் சிஸ்டர்?"

அந்தச் சொல்லை சின்னவள் அதுவரை கேட்டதில்லை. ஆனால் 'கல்பபிள்' தெரியும். கொலை வழக்குச் செய்திகளில் தினம் வருகிற சொல், குற்றமுள்ள என்று அர்த்தம். முன்னால் 'இன்' சேர்த்தால் இல்லை என்று ஆகிவிடும். கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி. அக்கா குற்றமற்றவள் என்று சொல்கிறாயா என்று கேட்கிறார். கண் இமைக்கும் நேரத்தில் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. புரியவில்லை என்று சொல்ல, அக்காவின் எதிரில் அவளுக்கு நாக்கு எழவில்லை.

"யெஸ் சார். நூறு சதவீதம்" என்றாள் இங்கிலீஷில். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்கிற சிரிப்பு.

நீதிபதி தலையசைத்து, போதும், உட்காரலாம் என்றார்.

பெரியவள் செயலாளர் பக்கம் சாய்ந்து, "என்ன கேட்டாரு?" என்றாள். அவர் தயங்கினார். பிறகு காதோடு சொன்னார். "நீங்கதான் குற்றவாளின்னு சொல்றியான்னு கேட்டாரு. உங்க தங்கச்சி ஆமான்னுடுச்சு."

பெரியவளின் முறை வந்தது. சொல்வதற்கு நிறைய இருந்தது. மூன்று பேர் வேலையை ஒருத்தி பார்த்ததைச் சொல்லலாம். நெஞ்சை அழுத்தி ஓர் உயிரைப் பிடித்து வைத்ததைச் சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் பையை யார் கையில் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்றுதான் வரும். அவள் எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்ல ஒண்ணும் இல்லைங்க. தப்பு என்னுதுதான்."

நிர்வாகி அதை நீதிபதிக்கு இங்கிலீஷில் சொன்னார். சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரணை முடிந்ததும் வெளியே வராந்தாவில் அக்காவைத் தேடினாள். அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள். சுருக்கெழுத்து அம்மாள் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"மேடம், எங்கக்கா ஏன் இப்படி ஒத்துக்கிட்டாங்க? நான் அவங்க பக்கம்தானே சொன்னேன்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா நீ சொன்னது. கூடப் பிறந்தவளைக் கைகாட்டி விட்டுட்டு, பக்கமாம் பக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சின்னவள் அந்த இடத்திலேயே போனை எடுத்துச் சொல்லைத் தேடினாள். குற்றம் சாட்டு, குற்றத்தில் சிக்கவை என்று வந்தது. கீழே உதாரண வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ யாரையோ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். குற்றமற்றவர் என்று சொல்வதற்கு வேறு ஒரு சொல் இருந்தது; அது 'எக்ஸ்' என்று தொடங்கியது.

நீதிபதி காரில் ஏறும்போது ஓடிப் பிடித்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். பையைப் புதுப்பெண்ணிடம் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றது நீதானே என்றார். உன் பதிலை வைத்து மட்டும் நான் எழுதவில்லை, அவரே ஒப்புக்கொண்டார் என்றார். கார் போய்விட்டது. நிர்வாகியிடம் போனாள். "இறந்தவர் குடும்பம் இப்பதான் அடங்கியிருக்கு. மறுபடியும் கிளறாதேம்மா" என்றார் அவர்.

வீட்டில் பெரியவள் சோறு வடித்துவிட்டு, தங்கையின் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். சின்னவள் வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. நீ தப்பு பண்ணலேன்னு சொல்றதா நினைச்சுட்டேன். சத்தியமா."

"சரிடி. எழுந்து கை கழுவு."

"நீ நம்பலை."

பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்தாள். "உனக்கு வயசு இருக்கு. வேலை போயிருந்தா என்ன பண்ணுவே? நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இதை மனசுல வச்சுக்காதே."

சின்னவள் போனை நீட்டினாள். பெரியவள் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சங்கடத்தோடு, ஏதோ தான் தவறு செய்துவிட்டதுபோலச் சொன்னாள்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியலேன்னு என்னை எப்படிடி நம்பச் சொல்றே?"

அதன் பிறகு அவள் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. முன்னைவிட அதிகமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். சின்னவளுக்கு அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருநாள், "ஒரு தடவை என்னைத் திட்டேன், அக்கா" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். "எதுக்குத் திட்டணும்? பைத்தியம்" என்று நகர்ந்துவிட்டாள் பெரியவள்.

மருத்துவமனை வேலை போய், வேறு எங்கும் நர்ஸ் வேலை கிடைக்காமல், தொலைவில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மாளைக் கவனித்துக்கொள்ளப் பெரியவள் கிளம்பினாள். அங்கேயே தங்க வேண்டும். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கீழே நின்ற சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் உன்னைக் காட்டிக் கொடுக்கலை."

பெரியவள் கம்பி வழியே கையை நீட்டி, அவள் விரல்களை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும்டா."

எவ்வளவு கனிவான குரல் அது. பிழைத்துவிடுவேனா சிஸ்டர் என்று கேட்கிறவர்களுக்கு அவள் வார்டில் பதில் சொல்லும் குரல். பேருந்து நகர்ந்தது. சின்னவள் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு கம்பி கையை விட்டுப் போய்விட்டது.