ஒல்மேரியாப் படத்துக்குக் கதை சொன்னவள்

ஒல்மேரியா என்றொரு நாடு இருப்பது நன்னிலத்துக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் ஊருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்து இளையபெருமாள் அந்த நாட்டுப் படப்பெட்டியைக் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு மாலைக் காட்சிக்கு ஏற்பாடு செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் கலந்த படம், பாஷைதான் புரியாது என்றார். திரைக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடுமாம். அதைப் படித்துச் சொல்ல வேண்டிய வாத்தியார் காய்ச்சல் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

"அம்சம், நீதான் மைக்கைப் பிடிக்கணும்" என்றார் இளையபெருமாள்.

அதில் நியாயம் இருந்தது. நடவில் பாட்டெடுப்பவள் அம்சம். வரப்பில் போகிற கொக்கு, குடையைத் தலைகீழாகப் பிடித்த கணக்குப்பிள்ளை, கண்ணில் எது பட்டாலும் அந்த நிமிஷமே பாட்டாக்கிவிடுவாள்.

ஆனால் அன்றைக்கு அவள் மனசு அதில் இல்லை. மறுநாள் காலை தாலுகா ஆபீசில் அவளுக்கு விசாரணை. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் வந்திருந்தது. புருஷன் செத்த பிறகு ஒன்பது வருஷமாக மூன்று மா நிலத்தை அவள்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறாள். மிராசுதார் வைத்தியலிங்கமோ, அவள் வெறும் கூலியாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரசீது எழுதுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. இனி சாட்சிதான் கதி. ஊரே பார்த்த சாகுபடிக்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருத்தர் இல்லை. பக்கத்து வயல் மருதையன்கூட, "அக்கா, எனக்கும் அவரு நிலந்தானே" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

படம் ஆரம்பித்தது. பெரிய மாளிகை. வெள்ளைக் கையுறை, பளபளக்கும் கறுப்புக் கோட்டு, நிமிர்ந்த நெஞ்சோடு ஒருவன் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் ஒட்டுப்போட்ட கோட்டும் சேறு படிந்த கால்களுமாக ஒரு கிழவன் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். அம்சத்துக்கு இதில் என்ன சந்தேகம்? "அதோ மிராசுதார். இந்தப் பாவம், பண்ணையாள்" என்று மைக்கில் சொன்னாள். ஊரும் ஒத்துக்கொண்டது.

அடுத்த நிமிஷம் கறுப்புக் கோட்டுக்காரன் கிழவனுக்கு முன்னால் வந்து இடுப்பு ஒடியக் குனிந்தான். அம்சம் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சமாளித்தாள். "அந்த நாட்டுல சங்கம் ஜெயிச்சிடுச்சு போலருக்கு. மிராசுதாரு கும்பிடுறாரு பாருங்க."

மணல் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் விசிலடித்தது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"கிழிஞ்ச கோட்டுக்காரன்தான் பிரபு. குனியிறவன் வேலைக்காரன். எசமான் யாரு, ஆளு யாருன்னு தெரியாதவ, நாளைக்குத் தாசில்தார்கிட்ட வாய் பேசப் போறாளாம்."

அம்சத்துக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மனிதர் சொன்னது சரிதான் என்பதுதான் அவளை அதிகம் சுட்டது. இருந்தாலும் குரல் நடுங்காமல் சொன்னாள்: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஐயாவே கடைசிவரைக்கும் படிச்சுச் சொல்லுங்க."

இங்கிலீஷ் தெரியும் என்று காட்ட இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு எப்போது கிடைக்கும்? நின்றபடியே படித்தார். நன்றாகவே படித்தார் என்று சொல்லத்தான் வேண்டும். பிரபு கழுதையிடம் யோசனை கேட்ட இடத்தில் குரலை மாற்றி ஊரையே சிரிக்கவைத்தார், தானும் சிரித்தார். சுவாரசியத்தில் கடைசி ரீல் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

உருளைக்கிழங்கு வயலில் ஒரு விதவை நின்றாள். பிரபு அவள் முன் தொப்பியைக் கழற்றினார்.

"இத்தனை வருசமா இந்த நிலத்தைப் பயிர் பண்ணது நீதான். இல்லேன்னு நான் சொன்னது பொய்" என்று வைத்தியலிங்கம் படித்தார். ஒலிபெருக்கி அதை வாய்க்கால் தாண்டிச் சேரி வரைக்கும் கொண்டுபோயிற்று. அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே உறைத்தது. நிறுத்திவிட்டார். எழுத்து நிற்கவில்லை.

"இன்னும் ஓடுதுங்களே" என்றான் மருதையன், மணலிலிருந்து.

வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். "மழை வரும்போல இருக்குங்கிறான்."

திரையில் பிரபு ஒரு காகிதத்தை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள்.

அம்சம் எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "மழை வரும்னதுக்கா அவ காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழுவுறா?"

முதலில் அவளோடு நடவுக்கு வருகிற காளியம்மாள் சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. அவருடைய தெருவில் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு நடந்தவர்கள், அவர் முகத்துக்கு நேரே வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். முறைத்ததற்கும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவரிடம் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. மைக்கை மணலில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

மருதையன் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அக்கா, நாளைக்கு நானும் வர்றேன்."

"நானும்" என்றாள் காளியம்மாள்.

காலை முதல் பஸ்ஸில் இடம் போதவில்லை. ஏறமுடியாதவர்கள் வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். தாலுகா ஆபீசில் விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார். "யாரும்மா இவங்கல்லாம்?"

"சாட்சிங்க" என்றாள் அம்சம்.

"ஒரு நிலத்துக்கு ரெண்டு சாட்சி போதும்மா."

"தெரியுங்க. மத்தவங்க அவங்கவங்க நிலத்துக்கு வந்திருக்காங்க."

சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டு, பதிவேட்டைப் புரட்டி, முதல் பெயராக அவள் பெயரை எழுதினார்.