முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

செல்வராணி ஊட்டிய கஞ்சி கணவர் ஆத்மநாதனின் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"கொன்னது யாரு ராணி?"

நாலு மாதமாக இதே கேள்விதான். சென்னையில் இருபது வருடம் சீரியல் தயாரித்தவர். "சேனல்காரன் சொல்ற ஆளையே கொன்னு அலுத்துப்போச்சு. இனிமே நானா கொல்றேன்" என்று ஆலங்குடிக்கு வந்து உட்கார்ந்து மர்ம நாவல் எழுதினார். இரண்டு புத்தகம் வந்தது. மூன்றாவது முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றபோது மூளையில் ரத்தம் கசிந்தது. பேச்சு திரும்பியது. கொலைகாரன் மட்டும் நினைவுக்குத் திரும்பவில்லை.

அவர் நடமாடிய காலத்தில் அவர் எழுதியதை அவள் தொட்டதில்லை. கொலைக்கதை அவளுக்கு ஆகாது. இப்போது அந்தக் காகிதக் கட்டை நாலு முறை படித்துவிட்டாள். கொன்றது யாரென்று எங்கேயும் பிடி கிடைக்கவில்லை.

அன்று காலையிலிருந்தே அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"கம்பவுண்டர்தாங்க. மருந்த மாத்திக் குடுத்தது அவருதான்."

ஆத்மநாதன் கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது.

"அவன் மேல இருபதாம் பக்கத்துலயே சந்தேகம் வந்துருமே," என்றார். "வேற யாரு?"

அவள் வேறு பெயர் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

கொழுந்தன் நாகராசு ஃப்ளெக்ஸ் கடைக்காரனோடு போனில் இருந்தார்.

"அண்ணி, பேருக்குக் கீழ என்ன போடச் சொல்ல?"

"நாவலாசிரியர்னு போடுங்க."

அவர் தயங்கினார். "அது யாருக்குத் தெரியும் அண்ணி? சீரியல்னாத்தான் நம்ம சனத்துக்குத் தெரியும்."

சின்னத்திரைத் தயாரிப்பாளர் என்றே அடித்து வந்தது.

மறுநாள் தூக்கிப்போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"கேக்கக் கூடாதுதான். அண்ணன் எடுத்த நாடகத்துல அந்த நாத்தனாக்காரி கடைசில திருந்துனாளாக்கா? அன்னைக்குப் பாத்து இங்கிட்டுக் கரண்டு இல்ல."

செல்வராணி அவளைப் பார்த்தாள்.

"திருந்திட்டா."

கண்ணாத்தாள் நிம்மதியாகத் தலையாட்டினாள். காப்பியில் சர்க்கரை இல்லை. ஈரத்தரையில் நின்றபடியே செல்வராணி அதைக் கடைசிவரை குடித்தாள்.