கூடத்து டிவியைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை

குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் குமாஸ்தாவுக்குத் தெரு வைத்த பெயர் ‘பரிசீலனை’. ஒன்பது வருடமாக அவர் எழுதிய பதில்களில் ஒன்றிலாவது தண்ணீர் வரும் என்றோ வராது என்றோ இருந்ததில்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு, அவரிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

ஆபீசில் இதற்குப் பாராட்டு. சிவில் சர்வீஸ் தேர்வில் இதற்குத்தான் அடி. மற்ற தாள்களை ஊதித் தள்ளியவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இன்னும் பதினொரு நாள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். ஞாயிறு காலை, ‘பெரிய நகரங்கள் தேவையா?’ என்று கணவர் எழுதிய பயிற்சிக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடினார்.

“ஏங்க, எட்டுப் பக்கம் படிச்சும் நீங்க எந்தப் பக்கம்னு தெரியலையே?”

“எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் இருக்குல்ல?”

“பூவா தலையான்னு கேட்டா, காசு செங்குத்தா நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. நூத்துக்கு நாப்பத்தொண்ணு. இதுவே தர்மத்துக்குப் போட்டது.”

வீட்டிலும் பரிசீலனையின் கதை அதுதான். முட்டி வலியால் ஒரு வருடமாக மாடிப்படி இறங்காத அவருடைய அம்மா, கூடத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து சீரியல் பார்ப்பார். தேர்வுக்கு மகன் படிக்கிற மேஜையும் அதே கூடத்தில். டிவியைப் பின்னறைக்கு மாற்றச் சொல்லி நாலு மாதமாக மருமகள் போராட்டம். ஜன்னல்கூட இல்லாத அறையில் தன்னை மூலையில் போடுகிறார்கள் என்று மாமியார் புலம்பல். இருவரிடமும் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, மகன் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்.

டீச்சர் புதுத் தாளை எடுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். ‘டிவி கூடத்தில் இருக்க வேண்டுமா?’

“ஒரு மணி நேரம். படிச்சு முடிக்கறப்ப யாராவது ஒருத்தர் உங்க மேல கோவப்படணும். இல்லேன்னா முட்டைதான்.”

“என்ன தலைப்பு அம்மாடி?” என்றார் மாமியார்.

“உங்க டிவிதான் அத்தை.”

“தாராளமா எழுதட்டும். அப்புறம் எனக்குத் தமிழ்ல சொல்லிடணும்.”

பரிசீலனைக்கு வியர்த்தது. ‘ஒரு புறம் பார்த்தால்’ என்று தொடங்கி அடித்தார். ‘மறுபுறம்’ என்று தொடங்கி அதையும் அடித்தார். இருபது நிமிடம் வெள்ளைத் தாள். நிமிர்ந்து பார்த்தார். திரையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அம்மா முன்னால் சாய்ந்து, “அவனை நம்பாதேடி, சொல்றேன் கேளு” என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தார். படி இறங்க முடியாதவருக்குச் சண்டை போட, புத்தி சொல்ல, திட்டித் தீர்க்க என்று மிச்சமிருந்த மனிதர்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தார்கள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தும், பஞ்சு வைத்த காதோடு நாலு மாதமாக அவர் இதைக் கவனிக்கவில்லை.

பேனா ஓடியது. டிவி கூடத்திலேயே இருக்க வேண்டும். சத்தம் பற்றி மனைவி சொல்வது சரி, தீர்வு தவறு. இடம் மாற வேண்டியவர் முட்டி போனவரல்ல, இரண்டு கால் நன்றாக உள்ளவர். ஆகவே நான் பின்னறைக்குப் போகிறேன்.

படிக்கப் படிக்க டீச்சரின் முகம் சிவந்தது.

“அப்ப நாலு மாசமா நான் சொன்னது தப்பு?”

ஒரு நொடி பழைய விலாங்கு தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

“ஆமா. தப்புதான்.”

நோட்டு மேஜையில் பொத்தென்று விழுந்தது. டீச்சர் அடுப்படிக்குப் போனார், பாத்திரங்கள் பேசின. திரும்பி வந்து நோட்டை இழுத்து எழுபத்திரண்டு போட்டார்.

“மார்க் வேற, கோவம் வேற. கோவம் அப்படியேதான் இருக்கு.”

தமிழில் கேட்ட மாமியாருக்கும் மனக்குறை. “என் முட்டியைப் போய் இங்கிலீஷ்ல எழுதி மானத்தை வாங்கிட்டியேடா!” என்றார். ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

மறுநாள் காலை பின்னறையில் மேஜை. கோபம் குறையாத டீச்சர், பழைய வினாத்தாளிலிருந்து ஒரு தலைப்பை மட்டும் அவர்முன் வைத்தார்: ‘அரசு ஊழியர் கீழ்ப்படிய வேண்டுமா, கேள்வி கேட்க வேண்டுமா?’

மணி பார்க்க டீச்சர் கூடத்துக்குப் போனார். திரும்பி வருவதற்குள் முதல் வரி முடிந்திருந்தது. கையெழுத்து கோணல்தான். ஆனால் அவர் எந்தப் பக்கம் என்பது அறை வாசலில் நின்றே தெரிந்தது.