கூழைக் கரைத்த மருந்து

2024ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், திங்கட்கிழமை முற்பகலில், குண்டனி நாடு என்னும் மலைப்பகுதியின் விவசாயி காளியண்ணனும் அவர் மனைவி சென்னம்மாளும் சேலத்து மருத்துவமனையொன்றில் டாக்டர் யமுனாவின் எதிரே அமர்ந்திருந்தனர். சித்திரையில் காளியண்ணனுடைய கணையத்தின் தலைப்பகுதியைக் கட்டியோடு அகற்றி, எஞ்சிய கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தவர் அவரே. முதலில் கணையத் தையல் கசிந்தது. வயிற்றில் செருகிய குழாய் வழியே நீர் வடிந்து, பின்னர் தானாகவே ஆறியது. இப்போதோ காளியண்ணன் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார். உண்ட கொழுப்பெல்லாம் செரிக்காமல் மலத்தோடு போயிற்று.

கணையத்தின் இணைப்பு குறுகி அதன் நீர் தடைபட்டிருந்தால் மீண்டும் வயிற்றைத் திறக்க நேரிடலாமென்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இன்னொரு முறை கத்திக்கு உடம்பைக் கொடுப்பதில்லை என்று காளியண்ணனும் மலையிலேயே தீர்மானித்துவிட்டார். அந்தப் பிடிவாதமே அவரைக் கொண்டுபோய்விடுமென்று சென்னம்மாள் அஞ்சினாள்.

செரிமானத்துக்குத் தந்த கேப்சூலை எப்படிக் கொடுக்கிறாள் என்று டாக்டர் கேட்டார்.

"தொறந்து, உள்ள இருக்கற குருணைய நுணுக்கி, சாமைக் கூழுல கலக்கி வெச்சிருவனுங்க. எங்க மலையில எந்த மருந்தும் கூழோடதானுங்க உள்ள போவும்."

"கூழுன்னு பேருதானுங்க," என்றார் காளியண்ணன். "தண்ணியாட்ட இருக்கும். நாந்தான் தண்ணி ஊத்திப்போட்டேன்னு எம்மேல பழி வேற."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்த கூழில் கேப்சூல் பொடியைத் தம் எதிரிலேயே கலக்கச் சொன்னார். கரண்டியைக் குத்தி வைத்தால் நிற்கும் கெட்டிக் கூழ். சூடும் இன்னும் ஆறவில்லை. சென்னம்மாள் பொடியைத் தூவிக் கிளறினாள். சிறிது நேரத்தில் கூழ் இளகிற்று. கரண்டியிலிருந்து நூலாக ஒழுகிற்று. பின்னர் கஞ்சித் தண்ணீராகவே ஆகிவிட்டது.

"இதத்தாங்க இவரு கணையம் வேளாவேளைக்கு உள்ள செஞ்சிட்டு இருந்துச்சு," என்றார் டாக்டர். குருணையில் இருப்பதும் கணைய நீரின் செரிமானப் பொருளே; அதன் மேற்பூச்சுத்தான் இரைப்பைப் புளிப்பிலிருந்து மருந்தைக் காப்பது. நுணுக்கியதால் மருந்து குடலைச் சேருமுன்பே வீணாகியிருக்கிறது என்று விளக்கினார்.

சென்னம்மாள் போசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குத்தி, புடைத்து, வேகவைத்து அவள் பாதியில் விட்ட வேலையை, கணவரின் வயிற்றுக்குள் ஒரு சிறு சதை இத்தனை காலமும் ஓசையின்றி முடித்துவைத்திருக்கிறது.

"அடுப்பில்ல, உலக்கையில்ல," என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா யாரு சாமி இத உள்ள இருந்து செஞ்சது?"

காளியண்ணன் தம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இறுதியில் முடிவானது இது: கேப்சூலைத் திறக்காமல் முதல் கவளத்தோடு ஒன்றும், உணவின் நடுவே ஒன்றுமாக விழுங்க வேண்டும். தை மாதம் வந்து எடை பார்க்க வேண்டும். எடை கூடினால் அறுவை இல்லை; கூடாவிட்டால் ஸ்கேன் எடுத்து, இணைப்பு குறுகியிருந்தால் வயிற்றைத் திறப்பது. கூழ் இளகியதைக் கண்ணால் கண்ட பிறகு அதற்குக் காளியண்ணனும் சம்மதித்தார்.