எழுபது நாள் பாகற்சாறு

மெஹர் நிஷா அரைத்த பாகற்காயை மல்துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். விடிந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. வில்லியனூர் கடைத்தெருவில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த அவள் புருஷன் ஜலாலுதீன், பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் காத்திருந்தார். தம்ளரை வாங்கி, பிஸ்மில்லா சொல்லி, ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. எழுபது நாளாக இப்படித்தான். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அந்த வருஷம், எண்பத்து நாலில், நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் வாரம் அவருக்கு மூத்திரத்தில் ரத்தம் போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இடது சிறுநீரகத்தில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். கட்டி இன்னும் வெளியே பரவவில்லை, அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றதை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று சர்ஜன் தேதியும் குறித்துக் கொடுத்தார். ஜலாலுதீனின் அத்தா குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போய் மேசையிலேயே மௌத்தானவர். தேதி குறித்த நாளிலிருந்து ஜலாலுதீன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறவரானார். ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது: ‘சிறுநீரகப் புற்றுநோயைக் கொல்லும் பாகற்காய். புதுச்சேரி விஞ்ஞானி சாதனை.’ மேலே ஒரு போட்டோ. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பாகற்காயைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜலாலுதீன் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ஆபரேஷன் தேதி வந்தது, போனது. வியாதி வெளியே தெரிந்தால் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்று, கேட்டவர்களிடமெல்லாம் அல்சர் என்றே சொல்லிவைத்தார்கள்.

அவர் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, பக்கத்து வீட்டு இன்னாசிமுத்து காற்றடிக்கும் பம்பு கேட்டு வந்தார். டவுனில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருஷமாகத் தினக்கூலியாக வேலை பார்க்கிறவர். முறத்தில் குவிந்திருந்த சக்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இம்மாம் பாகற்காய இன்னா தங்கச்சி பண்ற?”

அல்சருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். அவர் பிறகு பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்த அந்தச் செய்தித்துண்டை எடுத்து வந்து நீட்டினாள். அவர் படித்தார்.

“இது எங்க டாக்டரு அரங்கநாதன். அந்தக் காய நறுக்கனதே நாந்தாம்மா.”

“அப்ப நெஜந்தானே அண்ணே?”

“ஒரு மூட்டக் காய நறுக்கிக் காய வச்சி, ஸ்பிரிட்டுல ஊறப்போட்டு வடிச்சா ஒரு ஸ்பூன் பிசினு கெடைக்கும். எலி கட்டியிலேர்ந்து எடுத்த செல்ல புட்டியில வளத்து, அது மேல நேரா ஊத்துனாங்க. செத்துது, வாஸ்தவம். பக்கத்துப் புட்டியில நோவு இல்லாத நல்ல செல்லும் வச்சிருந்தோம். அதுவுந்தான் செத்துது. அத்தப் பேப்பர்ல போடல.”

“மனுசருக்குக் குடுத்துப் பாத்தாங்களா?”

இன்னாசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். “எலிக்கே இன்னும் குடுக்கல தங்கச்சி.”

மெஹர் நிஷாவுக்கு அழுகை வரவில்லை. எலிக்கே கொடுக்காததை அவள் தன் கையால் அரைத்து, பிழிந்து, எழுபது நாள் கொடுத்திருக்கிறாள். அந்த எழுபது நாளும் கட்டி சும்மாவா இருந்திருக்கும்? துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். தனியாக டவுனுக்குப் போனதே இல்லை அவள். பஸ் மூலக்குளம் தாண்டும்வரை செய்தித்துண்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் அரங்கநாதன் அவளை உட்காரச் சொன்னார். கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லைம்மா. எதிர்காலத்தில் வாய்ப்பு இருக்குன்னுதான் சொன்னேன். நிருபர் மிகைப்படுத்தி எழுதிட்டார்.”

“போட்டோவுல காயப் புடிச்சிகினு சிரிக்கிறது நிருபரா?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தப்பா எழுதிட்டான்னா மறாநாளே இல்லன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?”

“அடுத்த மாசம் டெல்லியிலிருந்து கமிட்டி வருது. இந்த நேரத்தில் மறுப்பு கிறுப்புன்னு போனா ஆராய்ச்சியே நின்னுடும். நாளைக்கு ஆயிரம் பேருக்குப் பயன்படப் போகிற விஷயம்மா இது.” சட்டென்று குரல் மாறியது. “இதையெல்லாம் உங்ககிட்ட யார் சொன்னது?”

கதவோரம் புட்டித்தட்டோடு நின்றிருந்த இன்னாசிமுத்து, “நாந்தான் சார்” என்றார். தட்டை ஓரமாக வைத்தார். வெளியே போகவில்லை.

மெஹர் நிஷா எழுந்து நின்றாள். “அந்த ஆயிரம் பேரு கெடக்கட்டும். எம் புருசன் உங்க படத்தப் பாத்து ஆபரேசன வேணாம்னுட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க.”

அவர் பெருமூச்சு விட்டு, ஆராய்ச்சிக்கூடத்தின் பெயர் அச்சிட்ட தாள் எடுத்து விறுவிறுவென்று எழுதி நீட்டினார். அவள் பார்த்தாள். இங்கிலீஷ்.

“தமிழ்ல எழுதுங்க. பேப்பர்ல தமிழ்லதானே வந்துச்சு.”

இன்னொரு தாள் எடுத்தார். இந்தத் தடவை நேரமானது. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். பாகற்காய்ச் சாறு இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மனிதர்களிடம் சோதித்ததில்லை, உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளவும். கையெழுத்து போட்டதும் அவள் முத்திரையும் கேட்டாள். அதையும் குத்தினார்.

“இத்தையே பேப்பருக்கும் அனுப்புங்க.”

“பார்க்கலாம்” என்றார்.

மத்தியானம் சாப்பிட வந்த ஜலாலுதீன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “நீ எதுக்கு அங்கல்லாம் போன?” என்று கத்தினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “நீயாவது இத்த நம்புனியா மெஹரு?”

“காய நம்பல. அத்தக் குடிக்க ஆரம்பிச்சப்புறம் உங்க மூஞ்சில பயம் இல்லாம இருந்துச்சு. அதுக்காவத்தான் அரைச்சேன்.”

அவர் வெகுநேரம் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவலாம்” என்றார் கடைசியில்.

சர்ஜன் திட்டவில்லை. வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, முதல் தடவை எடுத்த படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். “ஏன் இவ்ளோ லேட்டு?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. “கட்டி பெருசாயிருக்கு. திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்.” திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த எட்டு நாளும் மெஹர் நிஷா பேப்பர் வாங்கி வரச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துப் படித்தாள். கரும்பு விலை இருந்தது, தவளக்குப்பத்தில் லாரி கவிழ்ந்தது இருந்தது. மறுப்பு இல்லை. ஐந்தாம் நாள் இன்னாசிமுத்து நடுப்பகலில் வீடு திரும்பினார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். அவள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, “நீ எதுக்கும்மா கேக்கற? கேக்க வேண்டியவன் கேக்கட்டும்” என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் ஆபரேஷன். பச்சை அங்கியில் ஜலாலுதீன் சிறுத்துப்போய்த் தெரிந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சுற்றும் முற்றும் பார்த்தார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். கலிமாவை முணுமுணுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு உள்ளே போனார். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

பெஞ்சில் இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. செருப்பு இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அந்தக் கதவுக்கு நேரே நின்றாள். செருப்புத் தோலில் அவர் காலின் சூடு இன்னும் ஆறாமல் இருந்தது.