முகூர்த்தப் பட்டு கவுன்ட்டர்

ஓசூரில் மூன்று மாடியில் நிற்கும் அந்த ஜவுளிக்கடையில் அழகு எது என்று முடிவு செய்பவர் முதலாளி அழகர்சாமி. அவருக்கு அதை எடுத்துச் சொல்பவன் பெங்களூரிலிருந்து காரில் வந்து போகும் விளம்பரக்காரன் ஹரீஷ்குமார். ஹரீஷ்குமாருக்கு யார் சொல்கிறார்களோ தெரியாது. அவன் போனைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவான்.

ஒரு சமயம், பூசினாற்போல் உடம்பிருந்தால்தான் பட்டு எடுப்பாக இருக்கும் என்றார்கள். பிறகு ஒல்லிதான் அழகு என்று தகவல் வந்தது. விற்பனைப் பெண்கள் மத்தியானச் சோற்றைப் பாதி டப்பாவிலேயே திருப்பிக் கொண்டுபோனார்கள். புருவம் கம்பி மாதிரி இருக்கவேண்டும் என்றதும் பிடுங்கினார்கள். அடர்ந்த புருவம் வந்ததும் பிடுங்கிய இடத்தில் பென்சிலால் வரைந்துகொண்டார்கள். இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. முதல் மாடி முகூர்த்தப் பட்டு கவுன்ட்டரில் சிவந்த தோல்காரர்கள்தான் நிற்கவேண்டும்.

ரூபா கருப்பு. ஆகவே கீழே, லைனிங் துணிக்கும் உள்பாவாடைக்கும் நடுவில் நின்றாள்.

அவளுக்குத் தன் நிறத்தின்மேல் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் நிற்கிற இடத்தின்மேல்தான். தோளில் பட்டு விழுந்ததும் கல்யாணப் பெண்ணின் முகம் மாறும் பாருங்கள், அந்த மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க அவளுக்கு ஆசை. லைனிங் துணி வாங்க வருகிற எவள் முகமும் மாறுவதில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மேலே அனுப்பச் சொல்லிக் கேட்பாள். முதலாளி "பாக்கலாம்" என்பார். ஒரு வருஷம் கூடவே ஒரு பவுடர் டப்பாவும் கொடுத்தார். பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். சாம்பல் பூசணிக்குப் பொட்டு வைத்ததுபோல் இருந்தது. அப்போதே கழுவினாள். டப்பாவைக் கேரம் போர்டுக்கு ஆகட்டும் என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள்.

இந்த வருஷம் ஹரீஷ்குமார் புதுச் செய்தியோடு வந்தான். பெங்களூரில் இப்போது டஸ்கி, அதாவது கருத்த நிறம்தான் போகிறதாம். 'கருப்பே களை' என்று ஊர் முழுக்க பேனர். முதலாளி மேனேஜர்களைக் கூட்டிவைத்து, நிறவெறி ஒழிய வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். கருப்பு என்று வாயில் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நம் காலம் வந்துவிட்டது என்று ரூபா நினைத்தாள். வந்ததோ பால்கோவா நிறத்தில் ஒரு மாடல். அவளை டிரையல் ரூமில் உட்காரவைத்து நெற்றியிலிருந்து விரல்நுனி வரை பழுப்புப் பூச்சு பூசினார்கள். ஸ்பாஞ்சை அலசிக் கொடுக்கிற வேலைக்கு ரூபாவைக் கூப்பிட்டார்கள்.

"ஏன் சார், இங்கயே ஒருத்தி கருப்பா நிக்கறனே, கண்ணுக்குத் தெரியிலீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

ஹரீஷ்குமார் கோபப்படவில்லை. விளக்கினான். "உன்னுது நேச்சுரல் டஸ்கிம்மா. கேமராவுக்கு கன்ட்ரோல்ட் டஸ்கி வேணும்."

பேனர் ஏறிய வாரமே கூட்டமும் வந்தது. அதுவரை கடையின் வெளிச்சத்துக்குக் கூசி ஒதுங்கிப்போன பெண்களெல்லாம் பேனரை நம்பி மாடியேறினார்கள். கெலவரப்பள்ளிப் பக்கமிருந்து வந்த சத்யப்ரியா அவர்களில் ஒருத்தி. செல்போன் கம்பெனியில் வேலை, தை மாதத்தில் கல்யாணம், ரூபாவைவிட ஒரு பிடி கூடக் கருப்பு. கூட வந்தவள் அவள் அம்மா மாரம்மா.

அந்தக் கடையில் புடவையை விற்பவரே தோளில் போட்டுக் காட்டுவதுதான் வழக்கம். அந்தக் கவுன்ட்டரில் நிற்கும் கோபி போட்டுக் காட்டினான். எலுமிச்சை நிறத் தோளில் மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நீலம், எல்லாம் ஜொலித்தன. சத்யப்ரியாவின் முகம் மட்டும் அசையவில்லை.

"அண்ணா, உங்களுக்கு எல்லாமே நல்லாருக்குது. கட்டிக்கப் போறது நானுங்க" என்றாள். பேனரில் இருக்கும் சந்தன நிறப் பட்டையே காட்டச் சொன்னாள்.

மாடல் கட்டிப் படமெடுத்தபின் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த அதை முதலாளியே எடுத்துவந்து விரித்தார். தோள்மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. மாரம்மா கட்டைவிரலை நாக்கில் நனைத்துத் தேய்த்தாள். விரல் பழுப்பானது.

"இன்னா சாமி, பட்டு சாயம் போவுது?"

பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த நாலு குடும்பமும் திரும்பியது. முகூர்த்த மாசத்தில் ஜவுளிக்கடைக்காரன் காதில் விழக்கூடாத வார்த்தை அது. அழகர்சாமி மடிப்பைத் திருப்பிக் கறையை மறைத்தார். பட்டைக் காப்பாற்றினால் பேனர் போகும். பேனரைக் காப்பாற்றினால் பட்டு போகும்.

மேட்சிங் லைனிங்கோடு மாடியேறி வந்த ரூபாதான் பேசினாள்.

"பட்டு சாயம் போவாதும்மா. பேனர்ல நிக்குதே பொண்ணு, அதுதான் சாயம் போவும்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் வேலை போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கடையைக் காப்பாற்ற அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"ஆமாம்மா," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பொண்ணுதான்."

மாரம்மா அதோடு விடவில்லை. இன்னொரு கட்டைவிரலை நனைத்து, ரூபாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள். விரலை ட்யூப்லைட்டில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"இது நெசம்டி" என்று மகளிடம் சொன்னாள்.

"அக்கா, நீங்க போட்டுக் காட்டுங்க" என்றாள் சத்யப்ரியா.

கோபி அலமாரியிலிருந்து அதே ரகத்தில் பிரிக்காத புடவையை எடுத்துக் கொடுத்தான். ரூபா கொசுவி மடித்துத் தோளில் போட்டாள், ராஜ்ஜியம் பண்ணுகிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். அந்தக் கருப்பின்மேல் சந்தன நிறம் விளக்கேற்றினாற்போல் நின்றது. சத்யப்ரியாவின் முகம் மாறியது. இத்தனை வருஷம் ரூபா காத்திருந்த அதே மாற்றம், ஒரு கை தூரத்தில்.

பக்கத்துக் குடும்பங்கள் கோபியின் முன்னால் கிடந்த புடவைகளை அள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தன.

கூட்டம் குறைந்ததும் முதலாளி பெருந்தன்மையோடு வந்தார். ரூபாவை மேலே ஏற்றவேண்டும் என்று தாம் எப்போதோ நினைத்ததாகச் சொன்னார். நாளையிலிருந்து அவளுக்கென்றே தனியாக 'டஸ்கி கவுன்ட்டர்' என்று ஒரு போர்டு வைத்துவிடலாமாம்.

"போர்டெல்லாம் வேணாங்க. முகூர்த்தப் பட்டுன்னு மாட்டியிருக்கீங்களே, அதே போதும். கோபியண்ணன் கொஞ்சம் தள்ளி நின்னாச் சரி" என்றாள் ரூபா.

கோபி தள்ளி நின்றான்.

பொங்கல் நெருங்குகையில் ஹரீஷ்குமார் போன் செய்தான். டஸ்கி முடிந்துவிட்டதாம். இனி கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தோல்தானாம்; கவுன்ட்டரில் ஆளை மாற்றிவிட வேண்டுமாம். அழகர்சாமி போனைக் காதில் வைத்தபடி முதல் மாடியை எட்டிப் பார்த்தார். ரூபாவைச் சுற்றி உட்கார இடமில்லை. அவள் தோளில் அரக்குச் சிவப்பு விழ, எதிரே எவளோ ஒருத்தி வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கலாம்" என்றார் முதலாளி.