ஊட்டும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள் தூங்குவார்கள். என் வீட்டுக்காரர் அப்பாதுரை குருவி எண்ணுவார். ஹெப்பகோடி ஃபாக்டரியில் வாரம் முழுக்க நின்ற காலோடு கோலார் பக்கத்து மலைகளில் ஏறி, எந்தப் பறவை எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுப்பார். சம்பளம் கிடையாது, பஸ் சார்ஜ்கூட நம்முடையது. துணைக்கு நான். எனக்கோ முட்டி வலி.

மேற்குச் சரிவில் ரிசார்ட் கட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்கிற அரிய பறவை அங்கே கூடு கட்டுகிறது என்று காட்டினால் சரிவைக் காப்பாற்றலாம். காட்டுவது என்றால் சும்மா இல்லை, கூடும் குஞ்சும் தெரிகிற போட்டோ வேண்டும். அதைக் கொடுக்க, நாங்கள் மலையேறிய அந்த ஞாயிறுதான் கடைசி நாள். அந்தப் போட்டோவுக்காகப் போன கோடையிலிருந்து பாறை பாறையாக அலைந்தவர் இவர். இவரை விட்டால் அந்த மலைக்கு நாதி இல்லை என்கிற நினைப்பு.

பாதி மலையிலேயே என் கால் மக்கர் செய்தது. புதரை ஒட்டிய ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சரளா, ஒக்காந்துட்ட?"

"இனிமே அந்தச் சின்னானே வந்து தூக்கினு போனாதான்."

சொல்லி வாய் மூடவில்லை, எதிர்ப் பாறையில் அதுவே வந்து உட்கார்ந்தது. அலகில் பச்சைப் புழு. இவருடைய களைப்பு போன இடம் தெரியவில்லை.

"அசையாத. குஞ்சுக்குத்தான் எடுத்துனு வந்துகீது. உள்ள போவட்டும், கூட்ட காட்டிடும்."

காத்திருந்தோம். அது போகவில்லை. வாலை ஆட்டியது, தாவியது, மறுபடி அதே இடத்துக்கு வந்து கத்தியது. வாயில் புழுவோடு எப்படித்தான் கத்துகிறதோ. வெயில் ஏறியது. அப்போது என் முழங்கைக்குப் பின்னால், புதருக்குள், நூல் மாதிரி ஒரு குரல். பிறகு இன்னொன்று.

"கூடு இங்கதான் கீது," என்றேன். "நாம பாத்துக்கினு இருக்கோம்னு அது ஊட்ட மாட்டேங்குது. வாங்க போலாம்."

"சொல்ப நேரம் பொறு. கிளைய ஒதுக்கி ஒரே ஒரு போட்டோ."

கிளையை ஒதுக்கினால் காகத்துக்கு வழி தெரிந்துவிடும், தாயும் கூட்டை விட்டுப் போய்விடலாம் என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவர் இவர்தான். இப்போது இவர் கையே புதர் வரை போய்விட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

"நம்ம பொண்ணு ஆஷாவுக்கு சோறு ஊட்டும்போது, கண்ணு படும்னு உங்க சொந்த அக்காவையே கதவுக்கு வெளிய நிக்க வெச்சீங்களே."

கை அப்படியே நின்றது. கேமராவைப் பைக்குள் போட்டார். என்னைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சரிவு திரும்பும் வரை இருவரும் பின்னால் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும், கணக்கெடுப்பை நடத்தும் ஷெர்வின் போன் செய்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"கூடு போட்டோ கெடச்சுதாண்ணா?"

"இல்லப்பா."

"அப்ப அந்தச் சரிவு போச்சுண்ணா."

"தெரியும்பா."

பஸ்ஸில் ஏறியதும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இந்நேரம் ஊட்டியிருக்கும், இல்ல?"

"ரெண்டு வாய் உள்ள போயிருக்கும்."

அடுத்த கோடையில் அந்தப் புதர் இருக்காது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஊட்டட்டும்," என்றார், என் தோளில் சாய்ந்துகொண்டு. "இந்த வருசமாவது."